எலிதான்னு ஒரு கையெழுத்து

அந்தக் கவரை அப்படி மேசை மேல வைங்க சார். முதல்ல உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, அதுக்கு ஒரு காலு ஆடும், இதுல உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா? எதிர்த்தாப்புலதான் கடை, கையைக் காட்டினாப் போதும், வந்துரும்.

மாரப்பண்ணன் காத்தாலயே போன் பண்ணிட்டாருங்க. "இன்சூரன்ஸ் ஆபீசுல இருந்து சர்வேயர் ஒருத்தர் வருவாரு குழந்தை, எரிஞ்ச வயரைக் காட்டுவாரு, பாத்துச் சொல்லிரு"ன்னாரு. குழந்தைன்னா நான்தானுங்க. குழந்தைவேலு. நாப்பத்தொம்பது வயசாச்சு, தலையில பாதி வெள்ளை, ஆனா ஈரோட்டுல கார் ஸ்டீரியோ போட்டவங்க அத்தனை பேருக்கும் இன்னும் குழந்தைதான். இருவத்தாறு வருசமா இதே சந்து, இதே ஷட்டரு.

அந்தப் பேப்பர்லதான் நான் கையெழுத்துப் போடணுமாக்கும்? குடுங்க, படிக்கறேன். "காரின் உள்ளே செல்லும் மின்வயரை எலி கடித்ததே தீப்பிடித்ததற்குக் காரணம் என்று என் அனுபவத்தில் தெரிவித்துக் கொள்கிறேன்." சரி. கீழ எம் பேரு, கடை சீலு. நீங்களே எழுதிட்டு வந்துட்டீங்க, எனக்கு வேலை மிச்சம். ஸ்டீரியோ போட்ட கடைக்காரங்க எலின்னு எழுதிக் குடுத்துட்டாங்க. வண்டிக்குச் சொந்தக்காரரு மாரப்பண்ணனும் எலின்னுட்டாரு. இனி ஊருக்குள்ள வெவரம் தெரிஞ்சவன் ஒருத்தன் எலின்னு சொல்லிட்டா உங்க ஃபைலை மூடிரலாம். ஒருத்தரு மேலயும் பழி இல்லை. எலிகிட்டப் போயி யாரு கேக்கறது?

போடறேனுங்க. பேனா சட்டையிலயே இருக்குது. போடறதுக்கு என்ன, அரை நிமிசம். அதுக்கு முன்னால சித்தெ பேசிக்கலாம். டீயும் வரட்டும்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதையைக் கேட்டிருக்கோம். எலியே வண்டியைக் கொளுத்துச்சுன்னு அந்தக் கடைக்காரங்க எழுதித்தான் நான் கேக்கறேன். சிரிக்காதீங்க சார், எனக்கு வயிறு எரியுது. பெருந்துறை ரோட்டுல பெருசா கண்ணாடி போட்ட கடை, பாத்திருப்பீங்க. இந்தியா பூராவும் நூறு கிளைங்கறாங்க. அதும் பேரைச் சொல்ல எனக்கு வாயி கூசும், கண்ணாடிக்காரங்கன்னுதான் சொல்லறது. உள்ள போனா ஏசி. டோக்கன் குடுப்பாங்க. காப்பி மெசினு. ஒரு புள்ளை வந்து கையைக் கூப்பி வணக்கம் வெக்கும். எல்லாம் இருக்குது. வண்டிய மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொண்டு போயிருவாங்க. நீங்க இந்தப் பக்கம் சோபாவுல உக்காந்து, ஆபரேசன் நடக்கறப்ப வெளிய சொந்தக்காரங்க உக்காந்திருக்கற மாதிரி பாத்துட்டே இருக்கோணும். உள்ள வேலை செய்யறவன் யாரு, அவன் பேரென்ன, எந்த ஊரு, ஒண்ணும் உங்களுக்குத் தெரியாது.

எங்கடையில அப்படியில்லீங்க. வண்டிக்காரரு பக்கத்துலயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துக்குவாரு. நான் டேஷ்போர்டுக்கு அடியில தலையை விட்டுப் படுத்திருப்பேன். அவரு மஞ்சள் வெலை சொல்லுவாரு, மகளுக்கு வந்த சாதகம் சொல்லுவாரு, பங்காளி கூட வரப்புத் தகராறு சொல்லுவாரு. வேலை முடிஞ்சதும் அவருக்குப் புடிச்ச பாட்டைப் போட்டு, அவரு காதுக்குச் சரின்னு படற வரைக்கும் நான் திருகிட்டே இருப்பேன். கண்ணாடிக்காரங்களுக்கு ஒரு வண்டிக்கு நாப்பது நிமிசம். சுவத்துல கடியாரம் மாட்டி வெச்சிருப்பாங்க. நாப்பத்தொண்ணாவது நிமிசம் சூப்பர்வைசர் பையன் தலைமாட்டுல வந்து நிப்பான். எனக்கு எப்படித் தெரியும்ங்கறீங்களா? சொல்றேன் இருங்க.

டீ வந்துருச்சு, எடுத்துக்கங்க. சக்கரை கம்மியா சொல்லிருக்கேன்.

இப்ப வண்டிக்குப் பாஸ் பொட்டி போடறோம்னு வைங்க. அதுக்குச் சத்தத்தைக் கூட்டற ஆம்ப் வேணும். ஆம்ப் பின்னால டிக்கியில இருக்கும், பேட்டரி முன்னால இன்ஜின் பக்கம். நடுவால ஒரு தகரம் நிக்குது, இன்ஜின் சூடு உள்ள வராம. அந்தத் தகரத்துல ஓட்டை போட்டுத்தான் செவப்பு வயரை உள்ள கொண்டாறோணும். ஓட்டை போட்ட தகரம் கத்தி மாதிரி இருக்குமுங்க. வண்டி ஓட ஓட வயரு ஆடும், ஆட ஆட அறுக்கும். அதனால அந்த ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம் மாட்டி, அதுக்குள்ளதான் வயரை விடோணும். நாங்க வெறுமனே ரப்பர்னுதான் சொல்லுவோம். இதா, இந்த டப்பாவைப் பாருங்க, எத்தனை அளவுல வெச்சிருக்கேன்னு. ஒரு கடலை மிட்டாய் வெலைதான் ஒண்ணு. எம் மக மேல சத்தியமா சொல்றேன், ரப்பர் போடாம எங்கடையில இருந்து ஒரு வண்டி வெளிய போனதில்லை. எங்கடையில இருந்து போனதே இல்லை.

கண்ணாடிக்காரங்க ஒரு வண்டிக்குன்னு ஒரு பெட்டி குடுப்பாங்க. வயரு இத்தனை அடி, கிளிப்பு இத்தனை, ஸ்குரூ இத்தனைன்னு எண்ணி வெச்சிருக்கும். ரப்பர் அந்த லிஸ்ட்லயே கிடையாது. ஃபியூசு இருக்கும், ஆனா அது பின்னால ஆம்ப் பக்கத்துல உக்காந்திருக்கும். முன்னால தகரத்துல வயரு பட்டுத் தீப்பொறி பறந்தா பின்னால இருக்கற ஃபியூசு என்ன பண்ணும்? நான்னா பேட்டரிக்குப் பக்கத்துலயே ஒண்ணு போட்டுருவேன். சென்னையில உக்காந்து படம் வரையற எவனோ ஒருத்தனுக்கு இது தெரியலை. பவானிக்கும் பெருந்துறைக்கும் நடுவால ரோடு எப்படி இருக்குதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

மாரப்பண்ணனை நீங்க இப்பத்தான பாக்கறீங்க. மஞ்சள் மண்டியில அவரு பேச்சுக்கு மறு பேச்சு இல்லைங்க. நான் கடை தொறந்த அன்னைக்கு மொத வண்டி அவரோட அம்பாசிடர்தான். கேசட் பிளேயர் போட்டேன். அவருக்கு நான் யாருன்னே தெரியாது. "பையன் புதுசா தொறந்திருக்கான், மொத போணி நம்மோடதா இருக்கட்டும்"னு சந்துக்குள்ள திருப்பினாராம். அதுக்கப்புறம் நாலு வண்டி மாத்திட்டாரு, நாலுக்கும் நான்தான். பாவாயி அக்காவும் கூடவே வருவாங்க, அவரு சம்சாரம். அண்ணனுக்குக் கை நடுங்கும், டார்ச்சுப் புடிக்கச் சொன்னா வெளிச்சம் கூரையில ஆடும். அக்காதான் புடிப்பாங்க. "அது என்ன தம்பி கறுப்பா வளையல் மாதிரி?"ன்னு மொத வண்டியிலயே கேட்டாங்க. சொல்லிக் குடுத்தேன். மூணாவது வண்டிக்கெல்லாம் நான் கையை நீட்டறதுக்குள்ள அவங்களே டப்பாவுல தேடி, சரியான அளவு ரப்பரை எடுத்து நீட்டிருவாங்க. எங்கூட்டுக்காரிக்குக்கூட இன்ன வரைக்கும் அது எதுக்குன்னு தெரியாதுங்க.

போன தையில புது வண்டி எடுத்தாங்க. எனக்குத் தெரியும், புக் பண்ணறப்பவே அண்ணன் சொல்லிட்டாரு. வண்டி வர்ற அன்னைக்கு நான் இங்க கூட்டித் தண்ணி தெளிச்சு, எலுமிச்சம்பழம் வாங்கி வெச்சுட்டு உக்காந்திருந்தேன். வண்டி அந்த முக்குல வந்துச்சு. எந்திரிச்சு நின்னேன். திரும்பலை. நேராப் போயிருச்சுங்க. வண்டி வித்தவங்க சொல்லிட்டாங்களாம், சந்துக் கடையில வயரைத் தொட்டா வாரண்டி போயிரும், கண்ணாடிக் கடைன்னா ஒண்ணும் இல்லைன்னு. அண்ணன் என்ன பண்ணுவாரு, அவரைச் சொல்லித் தப்பில்லை. ஆனா எனக்கு அழுகை வந்துருச்சு சார். உள்ள போயி ஷட்டரைப் பாதி இழுத்து விட்டுட்டு அழுதேன். அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து வெளிய வீசினேன்.

சரி, இப்ப சொல்றேன், எனக்கு அந்தக் கடையைப் பத்தி எப்படித் தெரியும்னு. இந்தச் சந்துல ஒருத்தருக்கும் தெரியாது, நீங்களும் வெளிய சொல்லிராதீங்க. கண்ணாடிக்காரங்க வந்ததுல இருந்து சனி ஞாயிறு எங்கடையில ஈ ஓட்டறதுதான் வேலை. அவங்களுக்கு அந்த ரெண்டு நாளும் ஆளு பத்தறதில்லை. வெளியாளுங்களைக் கூப்பிட்டு வண்டிக்கு இத்தனைன்னு குடுக்கறாங்க. நான் போறேன். ரெண்டு வருசமாப் போறேனுங்க. இங்க கேக்கறவங்களுக்குக் கோயமுத்தூருக்குச் சாமான் எடுக்கப் போறேன்னு சொல்லிருவேன். அங்க ஒரு ஆரஞ்சுச் சட்டை குடுப்பாங்க, முதுகுல நம்பரு. நான் மூணாவது எடத்துல வேலை பாக்கறதுனால அந்தப் பையன் "மூணு அண்ணா, மூணு அண்ணா"ன்னுதான் கூப்பிடுவான். வாரத்துல அஞ்சு நாளு குழந்தைவேலு, ரெண்டு நாளு மூணு. ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலுன்னு பொழப்பு ஓடுது.

மொத வாரம் நான் பாக்கெட்டுல பத்து ரப்பர் போட்டுட்டுத்தான் போனேன். தொழில் தெரிஞ்சவன் கை சும்மா இருக்குமுங்களா? அந்தப் பையன் பாத்துட்டு, "அண்ணா, வெளிச் சாமான் இங்க போடக் கூடாது"ன்னுட்டான். சரிடா தம்பி, உங்க கடை, உங்க சட்டம். அன்னைக்கோட ரப்பர் கொண்டு போறதை விட்டுட்டேன். கம்பெனி குடுக்கலை, நான் போடலை. அந்த எடத்துல டேப்பை நாலு சுத்துச் சுத்தி விட்டுருவேன். டேப்பு ஒரு ஆறு மாசம் தாங்கும்.

ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு மாசம் கழிச்சு அந்த ஸ்டீரியோ விட்டு விட்டுப் பாடுச்சுன்னா அந்த வண்டி எங்க வரும்? இங்கதான வரும்? வந்துச்சுங்க. மூணு வண்டி வந்துச்சு. வயரை இழுத்து அவங்க மூஞ்சிக்கு நேரா காட்டி, "பாத்தீங்களா கண்ணாடிக்காரங்க வேலையை?"ன்னு கேட்டு, ரப்பர் போட்டு அனுப்பினேன். அதுல ஒண்ணு நானே மாட்டினது. என்ன பொய் சொல்லிட்டேன்? அது கண்ணாடிக்காரங்க வேலைதான? அவங்க சட்டை, அவங்க பெட்டி, அவங்க கடியாரம்.

நீங்க ஏன் சார் எழுதறதை நிறுத்திட்டீங்க? எழுதிக்கங்க. லிஸ்ட்ல ரப்பர் இல்லைங்கறதை நல்லாப் பெருசா எழுதிக்கங்க.

ஆமாங்க. அண்ணன் வண்டியை மாட்டினது நான்தான். உங்ககிட்ட அவரு சொல்லலையா? சொல்ல மாட்டாரு. நான் சத்தியம் வாங்கிட்டேன்.

வண்டி எடுத்த மறுநாளு ஞாயித்துக்கிழமை. நான் குனிஞ்சு வேலையா இருக்கறேன், கண்ணாடியை யாரோ டொக்கு டொக்குன்னு தட்டறாங்க. நிமிந்தா அண்ணன். மோதர வெரல்ல தட்டிட்டு, "அட, நம்ம குழந்தை!"ன்னு கத்தறாரு. சோபாவுல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாக்கறாங்க. எனக்கு அந்த எடத்துலயே உசுரு போயிருச்சுங்க. அவரு பக்கத்துக் கதவைத் தள்ளிட்டு உள்ள வந்துட்டாரு, பின்னால அக்கா. சூப்பர்வைசர் பையன் தடுக்கறான், "போப்பா, இவன் எங்கூட்டுப் பையன்"னு அவனை ஒதுக்கி விட்டுட்டு எங்கையைப் புடிச்சுக்கிட்டாரு.

"உன்ற கடையைத் தாண்டிப் போறப்ப உன் மூஞ்சியப் பாக்க முடியலைடா குழந்தை. ராத்திரி சோறு எறங்கலை. இப்ப நீயே இங்க இருக்கறே. எனக்கு இது போதும்"னாரு.

"அண்ணா, நான் இங்க வர்றது சந்துல ஒருத்தருக்கும் தெரியாதுங்க. ஆருகிட்டயும் சொல்லிராதீங்க"ன்னேன்.

"எம் மூச்சு இருக்கற வரைக்கும் சொல்ல மாட்டேன்"னு கையில அடிச்சுக் குடுத்தாரு. அப்புறம் போயி சோபாவுல சாஞ்சு தூங்கியே போயிட்டாரு. அத்தனை பேரு நடுவால குறட்டை. நான் இருக்கறேங்கற தைரியமுங்க.

எனக்குக் கோவம் சார். அதைச் சொல்லித்தான் ஆகோணும். அவமானமும்தானுங்க. என்னை விட்டுட்டு வாரண்டியைத் தேடி வந்தவரு, என்னையவே நம்பர் போட்ட சட்டையில பாத்துட்டு எனக்கு இது போதும்ங்கறாரு. அவருக்குப் போதும். எனக்கு? இருவத்தஞ்சு வருசம் படுத்துக் கெடந்து வேலை பாத்த குழந்தைவேலுவும் வேணும், வாரண்டியும் வேணும், ஏசியும் வேணும். ரெண்டு கடைக்கும் ஒரே வேலைன்னா அப்புறம் எதுக்கு எங்கடை? மூணு அண்ணா கையில குழந்தைவேலு வேலை எதுக்கு நடக்கோணும்? அப்படி நெனச்சேன். நெனச்சது தப்புங்களா?

அக்கா போகலைங்க. அங்கயே நின்னுட்டாங்க. செல்போனை எடுத்து லைட்டைப் போட்டு, பழையபடி குனிஞ்சு எனக்குக் காட்டறாங்க. நான் ஓட்டையில வயரை விட்டு இழுக்கறேன். "தம்பி, இங்க கறுப்பா ஒண்ணு வெப்பியே?"ன்னு கேட்டாங்க.

"புது வண்டிக்கு அதெல்லாம் வேண்டாங்க்கா. கம்பெனியே எல்லாம் பண்ணிட்டு வருது"ன்னேன்.

"அப்படியா? நீ சொன்னாச் சரி"ன்னாங்க. லைட்டை அணைச்சுட்டாங்க. நாலு சுத்து டேப்பைச் சுத்தி முடிச்சேன். முப்பத்தெட்டு நிமிசம்தான் ஆச்சு.

டீ ஆறிருச்சு பாருங்க, குடிக்கவே இல்லை நீங்க.

அப்புறம் நடந்தது உங்க ஃபைல்லயே இருக்கும். ஆவணி அமாவாசைக்குக் கொடுமுடி போயிட்டுத் திரும்பி வர்றாங்க. ஈரோட்டுக்குள்ள நுழையற சோலார் கிட்ட வர்றப்ப டேஷ்போர்டுக்கு அடியில இருந்து புகை. அண்ணன் ஓரங்கட்டிட்டாரு, ஆனா பதட்டத்துல பெல்ட்டைக் கழட்டத் தெரியலை. கை நடுங்குது. அக்கா எறங்கி ஓடிருக்கலாம். ஓடலை. அவரு பெல்ட்டைக் கழட்டறதுக்காகக் கையை அந்தப் பக்கம் நீட்டி இருக்காங்க, மேல இருந்து பிளாஸ்டிக் உருகி ஒழுகிருச்சு. சோத்துக் கை. முழங்கை வரைக்கும். தொடையில இருந்து தோலை எடுத்து வெச்சிருக்காங்க. இருவத்திரண்டு நாளாச்சு, இன்னும் வெரலை மடக்க முடியலை. கையை நீட்டினதுல அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலை, ஒரு கொப்புளம்கூட இல்லை. அதை நெனச்சு நெனச்சுத்தான் அவரு அழுகறாரு.

மூணாம் நாளு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் என்னைப் பாத்ததும் தலையில அடிச்சுக்கிட்டாரு. "நான்தான்டா குழந்தை, நான்தான் எம் பொண்டாட்டி கையை எரிச்சேன். வீட்டுல கூரை இருக்கறப்ப வண்டியை மஞ்சள் குடோன்ல கொண்டு போயி நிறுத்தினேன். அங்க எலி மேயுதுன்னு தெரியும். தெரிஞ்சே நிறுத்தினேன்"னு சின்னக் கொழந்தை மாதிரி அழுகறாரு. நான் எதுத்தாப்புல நிக்கறேன். என்ன சொன்னேன் தெரியுங்களா சார்? "எலின்னா அப்படித்தானுங்கண்ணா. வேப்பெண்ணெய் கீது தெளிச்சிருக்கோணும்"னேன். சொன்னேனுங்க. இந்த வாயாலதான் சொன்னேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியலை.

"இனிமே எந்த வண்டி வந்தாலும் நீதான் தொடோணும், உன் கடையிலதான். அந்த வாரண்டியைக் கொண்டு போயி உடைப்புல போடட்டும்"னு சொன்னாரு. பாருங்க, திரும்பி வந்துட்டாரு. எட்டு மாசமா நான் எதுக்கு ஏங்கினேனோ அது நடந்துருச்சு. சந்தோசப்பட்டிருக்கோணும். வெளிய வந்து வண்டி ஸ்டாண்டுல வாந்தி எடுத்தேன்.

அக்கா? அக்கா ஒண்ணும் கேக்கலைங்க. கட்டுப் போட்ட கையைத் தலகாணி மேல வெச்சுட்டு, "சாப்பிட்டியா தம்பி?"ன்னாங்க. அவ்வளவுதான். ரெண்டு தடவை போனேன், ரெண்டு தடவையும் அதே கேள்விதான். அந்த ரப்பர் பேச்செல்லாம் அவங்களுக்கு ஞாபகம் இருக்காதுங்க. எட்டு மாசமாச்சு, அதுக்கப்புறம் இவ்வளவு பெரிய ஆபத்து. எரிஞ்ச வலியில பேரு ஊரே மறந்து போகும்ங்கறாங்க. மறந்திருப்பாங்க. இல்லீங்களா? நீங்களும் அவங்களைப் பாத்தீங்களே, என்ன சொன்னாங்க? எலின்னுதான சொன்னாங்க?

ஒண்ணுமே சொல்லலையா?

பின்ன எம் பேரை உங்ககிட்டச் சொன்னது யாரு? அண்ணன்தான?

அக்காவா?

இன்னொருக்காச் சொல்லுங்க சார். "எனக்குத் தெரியாதுங்க, குழந்தைகிட்டக் கொண்டு போயிக் காட்டுங்க, அவன் சரியாச் சொல்லுவான்"னு. இப்படியேவா சொன்னாங்க? அண்ணன் அப்ப பக்கத்துல இருந்தாரா? இருந்தாரு. அவரு எலி எலின்னு சொல்லிட்டு இருக்கறப்பவே இவங்க இதைச் சொன்னாங்க.

அவன் சரியாச் சொல்லுவான்னு சொன்னாங்களா.

கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

அந்தக் கவரைக் குடுங்க. வந்ததுல இருந்து நான் அதைத் தொடலை, கவனிச்சீங்களா? நீங்க கவனிச்சிருப்பீங்க. இதான் அந்த எடம். கண்ணாடியைப் போட்டுக்கறேன், இருங்க. இங்க பாருங்க சார், எலி கடிச்சா பல்லு ஜோடி ஜோடியா விழும். ஒரே எடத்துல நிக்காது, கடிச்சுப் பாத்து நகந்துட்டே போகும். இது ஒரே எடம். ஒரு பக்கமாத் தேஞ்சு தேஞ்சு உள்ள போயிருக்குது, செம்பு உருகி மொட்டு மொட்டா நிக்குது. தகரம் அறுத்ததுங்க இது. இந்தப் பக்கம் டேப்பு கொஞ்சம் எரியாம மிச்சம் இருக்குது பாத்தீங்களா? கடைசிச் சுத்தை முக்கோணமா மடிச்சு விட்டிருக்குது, பின்னாடி பிரிக்கறவனுக்குச் சுளுவா இருக்கட்டும்னு. ஈரோட்டுல இப்படி மடிக்கறவன் நான் ஒருத்தன்தான். கோவத்துல இருந்தப்பவும் மடிச்சிருக்கேன். ரப்பருக்குத்தான் கை போகலை.

பேப்பரைக் குடுங்க. எலின்னு இருக்கற வரியில கோடு போட்டுடறேன். நீங்க வேற பேப்பர் எழுத வேண்டாம், இதுலயே எடம் இருக்குது. "வயர் போகும் ஓட்டையில் ரப்பர் போடவில்லை. போட வேண்டியவன் குழந்தைவேலு." சரிங்களா? பேருக்குக் கீழ தேதி. சீலும் வெச்சுடறேன், எங்கடை சீலுதான, வெச்சா என்ன.

கம்பெனி ரப்பர் குடுக்கலைங்கறதையும் ஒரு வரி சேத்துக்கட்டுங்களா? அதுவும் நெசந்தானுங்க. அவங்களையும் சும்மா விடக் கூடாது. ஃபியூசு சமாச்சாரமும் இருக்குது. எழுதறேன். ஆனா டப்பா நெறைய எங்கிட்ட இருந்துச்சே. அன்னைக்கு அந்தப் பையன் எம் பாக்கெட்டைத் தடவியா பாத்திருக்கப் போறான்? அது அப்புறம் எழுதிக்கலாம், உங்க ஆபீசுல கேட்டா வந்து சொல்றேன்.

இந்தாங்க சார். ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. ஒரு மணி நேரம் இதை ஆபீசுக்கு அனுப்பாம கையிலயே வெச்சிருங்க. நான் கடையைச் சாத்திட்டுக் கெளம்பறேன். ஆஸ்பத்திரிக்கு இல்லீங்க. அக்காவுக்கு நான் சொல்ல வேண்டியது ஒண்ணும் இல்லை, அவங்களுக்கு எல்லாம் தெரியும். மண்டிக்குப் போறேன். அண்ணன் நேத்து முப்பது எலிப்பொறி வாங்கிட்டுப் போயி, நடுங்கற கையோட ஒண்ணொண்ணா குடோன்ல வெச்சுட்டு இருக்காராம். அவருகிட்டச் சொல்லோணும்.